ஆர்க்கிட் மொட்டு உதிராமல் இருக்க: ஸ்ப்ரேயா, கூழாங்கல் தட்டா, ஹியூமிடிஃபயரா?

ஹாலில் இருந்த ஃபலனாப்சிஸ் ஆர்க்கிடில் ஏழு மொட்டு வந்தது. முதலில் ஒரு மொட்டு மஞ்சளாகி, காம்போடு சேரும் இடத்தில் சுருங்கி, விரல் பட்டதுமே கையோடு வந்துவிட்டது. அந்த வாரமே இன்னும் மூன்று. விசாரித்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ஏ.சி. அறை, காற்றில் ஈரம் போதாது. சரி என்று அவர்கள் சொன்ன மூன்று வழிகளையும் செய்து பார்த்தேன்.

ஸ்ப்ரே பாட்டில்தான் மலிவு. தெளித்ததும் ஈரப்பதமானி கிடுகிடுவென ஏறும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பழைய இடத்திலேயே நிற்கும். இலைகளுக்கு நடுவே குருத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகல் வேறு. நமக்கு ஏதோ செய்த திருப்தி, அவ்வளவுதான்.

கூழாங்கல் தட்டு அதைவிடப் பரவாயில்லை. கல் மேல் தொட்டி, கல்லுக்குக் கீழே தண்ணீர். தொட்டியின் அடி தண்ணீரில் படக்கூடாது. நாலைந்து செடிகளை நெருக்கி வைத்தால் கொஞ்சம் பலன் தெரியும். ஆனால் மேலே ஃபேன் சுற்றினால் அந்த ஈரமும் போச்சு. தண்ணீரை மாற்ற மறந்தால் கொசு வளர்க்கிறோம் என்று அர்த்தம்.

உண்மையில் வேலை செய்வது, காற்றில் ஈரம் விடும் கருவியான ஹியூமிடிஃபயர்தான். இந்தச் செடி கேட்கும் 50 முதல் 70 சதவீத ஈரப்பதத்தை அது ஒன்றால்தான் நிலையாகத் தர முடிந்தது. தொல்லையும் உண்டு. போர் தண்ணீர் ஊற்றினால் டி.வி. மேலெல்லாம் வெள்ளைப் பொடி படியும், ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

ஆனால் கருவி வாங்குமுன் செடி இருக்கும் இடத்தைப் பாருங்கள். சென்னை மாதிரி கடலோர ஊரில் வெளிக்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஏ.சி. இல்லாத அறையின் கிழக்கு ஜன்னல் மூன்றுக்கும் மேல், செலவும் கிடையாது. மாற்றுவதென்றால் மொட்டு வருமுன்பே மாற்றிவிடுங்கள். மொட்டோடு இடம் மாற்றினால் அதற்கும் உதிரும்.

எங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. ஆர்க்கிடுக்குப் பக்கத்து ஷெல்ஃபில் வாழைப்பழச் சீப்பு. பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் வாயு வரும். மொட்டை உதிர்ப்பதும் அதே வாயுதான். மூட்டம் போட்டு வாழைத்தாரைப் பழுக்க வைக்கிறார்களே, அந்தப் புகையில் இருப்பதும் அதுதான். அதனால் சாம்பிராணி போடும் மூலையும் வேண்டாம். சீப்பை சமையலறைக்குக் கொண்டுபோனேன். மிச்சமிருந்த மூன்று மொட்டும் விரிந்தன. அப்போது ஹியூமிடிஃபயரும் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் முழுப் பெயரையும் பழத்துக்கே கொடுக்க மாட்டேன்.

செம்பருத்திக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. வீட்டுக்குள் அதற்கு முதல் குறை வெயில். வெயில் படும் ஜன்னலிலும் உதிர்ந்தால், விழுந்த மொட்டை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே சின்னப் புழு நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். அதனால் உதிர்ந்த மொட்டைத் தொட்டியிலேயே விடாமல் அன்றன்றைக்குப் பொறுக்கி, கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.