புதியது என்று சொல்லிப் பழைய போனைத் தலையில் கட்டுகிறார்கள்: தீபாவளிக்கு முன் ஓர் எச்சரிக்கை

தீபாவளித் தள்ளுபடியை எதிர்பார்த்து, கையில் இருக்கும் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கக் காத்திருப்பவர்கள் பலர் இருப்பார்கள். அவர்கள் கடைப்படி ஏறும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். கடந்த ஆடித் தள்ளுபடியின்போது திருச்சியில் ஒரு மொபைல் கடையில், யாரோ பயன்படுத்தி முடித்து, டிஸ்ப்ளே மாற்றப்பட்டு, மறுபடி பெட்டியில் அடைக்கப்பட்ட ஐபோன் 13 ஒன்றைப் ‘பெட்டி பிரிக்காத பீஸ்’ என்று சொல்லி எனக்கு விற்றார்கள். போனைத் தயாரித்த நிறுவனத்துக்கும் இந்த மோசடிக்கும் தொடர்பில்லை. இது முழுக்க விற்றவர்களின் வேலை. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

என்னிடம் இருந்தது 2019-இல் வாங்கிய ஆண்ட்ராய்டு போன். அது ஆண்ட்ராய்டு 10-உடன் நின்றுவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வருவதும் நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் மதியச் சாப்பாட்டுக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். வங்கிச் செயலியும் யுபிஐ-யும் பயன்படுத்தும் போனில் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் இருப்பது நல்லதல்ல என்பதால்தான் மாற்ற முடிவு செய்தேன். கேமராவோ வேகமோ எனக்குப் பெரிதல்ல, இன்னும் எத்தனை ஆண்டுகள் அப்டேட் வரும் என்பதே முதல் கேள்வி. அந்தக் கணக்கில் பார்த்தால், 2021 செப்டம்பரில் வெளிவந்த ஐபோன் 13 இன்றைக்கும் மோசமான தேர்வல்ல. 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26 இயங்குதளம் கூட அதற்குக் கிடைக்கிறது. ஆனால் 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்தபோதே, ஐபோன் 13-ஐ நேரடியாக விற்பதை ஆப்பிள் நிறுத்திவிட்டது. ஆகவே கடைகளில் இப்போது இருப்பது மீந்த சரக்கு மட்டுமே. மீந்த சரக்கு என்ற அந்தச் சந்தில்தான் பழைய போன்களும் புதிய பெட்டியில் நுழைகின்றன.

கடைக்குத் தம்பியையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். பெட்டி பிரிக்காததா, ஆப்பிளின் ஓராண்டு வாரண்டி முழுமையாக உண்டா, ஜிஎஸ்டி பில் தருவீர்களா என்று மூன்றையும் வாய்விட்டுக் கேட்டோம். மூன்றுக்கும் ஆமாம் என்றே பதில் வந்தது. “சீல் பீஸ் சார். உங்க கண்ணு முன்னாடியே பிரிக்கிறேன், நீங்களே பாத்துக்குங்க” என்று சொல்லி, விற்பனையாளர் பெட்டியை உயர்த்திக் காட்டினார். பெட்டி முழுவதும் பளபளவென்று மெல்லிய பிளாஸ்டிக் தாள் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. அதன் ஓரத்தை நகத்தால் கீறி, ஒரே இழுப்பில் உரித்து, தாளை எங்கள் பக்கம் தள்ளினார். உள்ளே போன் திரையின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. கேபிள் மடிப்புக் கலையாமல் இருந்தது. போனை இயக்கியதும் பல மொழிகளில் வணக்கம் சொல்லும் முதல் திரையே வந்தது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டிலும் போனிலும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்) ஒன்றாகவே இருந்ததைத் தம்பி இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்தான்.

அடுத்தது எக்ஸ்சேஞ்ச். வாசலில் தொங்கிய பலகையில் பழைய போனுக்குப் ‘பன்னிரண்டாயிரம் ரூபாய் வரை’ என்று எழுதியிருந்தார்கள். என் போனுக்கு முதலில் ஐயாயிரம் என்றார்கள். தகவல்களைப் புதிய போனுக்கு மாற்றி, சிம்மைக் கழற்றி, பழைய போனை ரீசெட் செய்த பிறகு, உள்ளேயிருந்து வந்த ஒருவர் டிஸ்ப்ளேயில் கோடு இருக்கிறது என்று சொல்லி மூவாயிரமாகக் குறைத்தார். அந்தக் கோடு ரீசெட் செய்வதற்கு முன் இல்லை. சிம் புதிய போனுக்குள் போய்விட்ட பிறகு, பழையது ஒன்றுமில்லாத வெற்றுப் போனாகிவிட்ட பிறகு, ‘வேண்டாம், திருப்பித் தாருங்கள்’ என்று சொல்லி எல்லாவற்றையும் மறுபடி தொடங்க எத்தனை பேர் துணிவார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பில் கேட்டபோது, கணினி வேலை செய்யவில்லை, மாலையில் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்று சொல்லி, ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டும், ஆறு மாதக் ‘கடை வாரண்டி’ என்று அச்சிட்ட அட்டையும் கொடுத்தார்கள். மாலையில் பில் வரவில்லை. விடாமல் கேட்ட பிறகு, போன் மாடல் பெயரும் தொகையும் மட்டும் இருந்த ஒரு பில் வந்தது. ஐஎம்இஐ எண் அதில் இல்லை.

சில வாரங்களிலேயே திரையின் ஒரு மூலையில் தொடுவது பிடிக்கவில்லை. வீடியோ அழைப்பில் போன் கை சுடும் அளவுக்குச் சூடானது. அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெண் போனின் செட்டிங்ஸில் ‘ஜெனரல்’, அதற்குள் ‘அபவுட்’ என்று திறந்து, உதிரிபாகங்கள் மற்றும் பழுதுபார்ப்பு வரலாறு என்ற பகுதியை எனக்குக் காட்டினார். டிஸ்ப்ளேக்கு நேரே ‘அறியப்படாத பாகம்’ என்று இருந்தது. போனோடு வந்த அசல் டிஸ்ப்ளே மாற்றப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். வரிசை எண்ணை (சீரியல் நம்பர்) வைத்துப் பார்த்தபோது, ஓராண்டு வாரண்டி நான் வாங்குவதற்கு வெகு முன்பே முடிந்துபோயிருந்தது. பேட்டரி ஆரோக்கியம் நூறு சதவீதம் என்று கடையில் பெருமையாகக் காட்டினார்களே என்று கேட்டேன். பழைய பேட்டரியின் சிறு மின்சுற்றுப் பலகையை வேறு பேட்டரியில் பொருத்தி, அந்த எண்ணை நூறாக மாற்றி எழுதும் கருவிகள் சந்தையில் இருக்கின்றன, அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம் என்றார்.

கடைக்குத் திரும்பப் போனபோது பேச்சு முற்றிலும் மாறியிருந்தது. “அது ஆக்டிவேட் பண்ண பீஸ் சார், எல்லாக் கடையிலயும் இப்படித்தான் வருது. அதுக்குத்தான் கடை வாரண்டி கொடுத்திருக்கோமே” என்றார் அதே விற்பனையாளர். விற்பனை இலக்கை எட்டுவதற்காக விநியோகஸ்தர்கள் சில போன்களை முன்கூட்டியே ஆக்டிவேட் செய்துவிடுவது, அதாவது முதன்முறையாக இயக்கிப் பதிவு செய்துவிடுவது உண்டு. அப்படிப்பட்ட போனில் வாரண்டி சில மாதங்கள் குறைந்திருக்கலாம். ஆனால் ஆக்டிவேட் செய்வதால் டிஸ்ப்ளே மாறிவிடாது. இதைச் சொன்னதும் அவர் முதலாளியைக் கைகாட்டினார். முதலாளி கையை விரித்தார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “உங்க பழைய போன் அன்னிக்கே வியாபாரிக்குப் போயிடுச்சு சார். இப்ப இத வாங்கிட்டு நான் எதத் திருப்பிக் கொடுக்கறது?” என்றார். எக்ஸ்சேஞ்சை அவர்கள் அவ்வளவு அவசரமாக முடித்ததன் காரணம் அப்போதுதான் முழுமையாகத் தெரிந்தது. பழைய போனுக்கு அவர்கள் தரும் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் நமக்கான சலுகையே அல்ல. நாம் பின்வாங்கும் வழியை அடைப்பதற்கான விலை அது.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதைப் பலரும் அறிந்திருக்கவில்லை. ஐபோன் 13 வரிசையிலிருந்தே ஆப்பிள் பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றுவதைக் கைவிட்டுவிட்டது. அதற்குப் பதிலாக, பெட்டியின் அடிப்பக்கத்தில் மூடியையும் பெட்டியையும் இணைத்து ஒட்டிய காகிதப் பட்டைகள் இருக்கும்; நுனியைப் பிடித்து இழுத்தால் அவை கிழிந்து வரும், மறுபடி ஒட்ட முடியாது. ஆகவே ஐபோன் 13-இன் பெட்டியோ அதற்குப் பின் வந்த எந்த ஐபோனின் பெட்டியோ பிளாஸ்டிக் தாளில் பளபளத்தால், அது யாரோ வெளியே சுற்றியது. புதியது என்பதற்குச் சாட்சியாக என் கண் முன் உரித்துப் போட்ட அந்தத் தாளே இன்று என் புகாரில் முக்கியமான ஆதாரம். கடையில் தம்பி எடுத்த புகைப்படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது.

சோதனைகள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவற்றில் எவை இந்த வகை மோசடியைப் பிடிக்கும், எவை பிடிக்காது என்பதை விரிவாகச் சொல்கிறேன். *#06# அழுத்திப் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பார்த்துப் பெட்டியோடு ஒப்பிடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் பெட்டியில் ஒட்டும் சீட்டைப் புதிதாக அச்சிட்டுவிட முடியும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துப் பார்த்தால் அது எந்த நிறுவனத்தின் எந்த மாடல், முடக்கப்பட்டதா, போலியாகப் பலவற்றில் ஓடும் எண்ணா என்பது தெரியும். திருட்டுப் போனைத் தவிர்க்க இது இன்றியமையாதது. ஆயினும் முறையாக வாங்கி, பயன்படுத்தி, விற்கப்பட்ட பழைய போனும் அதில் சரியானதாகவே காட்டும். ஐபோனின் மாடல் எண் ‘எம்’ என்ற எழுத்தில் தொடங்கினால் புதியது, ‘எஃப்’ என்றால் ஆப்பிளே புதுப்பித்தது, ‘என்’ என்றால் மாற்றாகக் கொடுத்தது என்பார்கள். அதுவும் உண்மையே, ஆனால் வெளியே யாரோ பிரித்துப் பூட்டிய போனில் முதலில் இருந்த ‘எம்’ அப்படியே நிற்கும். என் போனிலும் ‘எம்’ தான் இருந்தது. பொய்யைப் பிடித்தவை இரண்டே: ஆப்பிளின் வாரண்டிப் பக்கத்தில் வரிசை எண்ணைக் கொடுத்துப் பார்ப்பதும், செட்டிங்ஸில் உதிரிபாக வரலாற்றைப் பார்ப்பதும். முதலாவதைப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, பெட்டியில் அச்சிட்ட வரிசை எண்ணை வைத்து உங்கள் போனிலேயே செய்துவிடலாம். யாரும் இயக்காத புதிய போனுக்கு வாரண்டி முடிந்ததாக ஒருபோதும் காட்டாது. ஆண்ட்ராய்டு போன்களுக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் ஐஎம்இஐ எண்ணை வைத்து வாரண்டியைப் பார்க்கும் பக்கத்தையோ வாடிக்கையாளர் சேவை எண்ணையோ வைத்திருக்கின்றன. இந்தச் சோதனைகளைச் செய்யவிடாமல், “நெட் இல்ல சார், செட்டப் நாங்களே பண்ணித் தர்றோம்” என்று போனைக் கையிலிருந்து வாங்கும் கடையில் வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, எதை முதலில் செய்வது என்ற வரிசை. புதிய போனைச் சரிபார்த்து, ஐஎம்இஐ எண் அச்சிட்ட ஜிஎஸ்டி பில்லைக் கையில் வாங்கும் வரை பழைய போனைக் கொடுக்காதீர்கள், சிம்மையும் கழற்றாதீர்கள். முடியுமானால் அன்றைக்கு எக்ஸ்சேஞ்சே வேண்டாம் என்று சொல்லுங்கள். புதியதை ஓரிரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழையதைத் தனியாக விற்றால் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் நட்டமில்லை. ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் பதினெட்டு சதவீதம் கூடும் என்று சில கடைகளில் சொல்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் மொபைல் போனுக்கு வரி 18 சதவீதம்தான். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை அதையும் உள்ளடக்கியதே. பழைய போனைக் கொடுக்கும்போது, எந்த நாளில், எந்த ஐஎம்இஐ எண் உள்ள போனை அந்தக் கடை பெற்றுக்கொண்டது என்று எழுதி, முத்திரையுடன் வாங்குங்கள். அது நாளை யார் கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாது; அதில் இவ்வளவு காலம் ஓடியது நம் சிம்.

பழைய போனைப் புதுப்பித்து விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. புதுப்பித்தது என்று எழுதிக் கொடுத்து, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பவர்களிடம் தாராளமாக வாங்கலாம். நான் கொடுத்தது புதிய போனின் விலை. அப்டேட் கிடைக்கும் ஆண்டுகளே முக்கியம் என்றால், இதற்குப் பெரிய பிராண்டின் பழைய மாடலைத் தேடிப் போகவும் தேவையில்லை. 2024-இல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி இருபதாயிரத்துக்குள் அறிமுகமானது. அதற்கு ஆறு ஆண்டுகள் அப்டேட் தருவதாக அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. கூகுளின் பிக்சல் 8 வரிசைக்கும் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டுகள். எதை வாங்கினாலும் உங்கள் மாவட்டத்திலேயே அதற்கு அங்கீகாரம் பெற்ற சேவை மையம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு உண்மை தெரிந்தது அப்படி ஒரு மையம் பக்கத்தில் இருந்ததால்தான்.

ஏற்கெனவே இப்படி ஏமாற்றப்பட்டவர்கள் ‘விற்ற பொருள் திரும்பப் பெறமாட்டாது’ என்ற வாசகத்தைக் கண்டு ஒதுங்கிவிட வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, பழைய அல்லது புதுப்பித்த பொருளைப் புதியது என்று பொய்யாகச் சொல்லி விற்பதை நேர்மையற்ற வணிக முறை என்றே வகைப்படுத்துகிறது. பில் கொடுக்காமல் இருப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாதபோது முப்பது நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பதும் அதே பிரிவில் வருகின்றன. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். கடைக்காரர் அதற்குப் பதில் தராததால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கடை வேறு ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். நான் மனுவோடு இணைத்தவை: துண்டுச் சீட்டு, ஐஎம்இஐ இல்லாத பில், கடை வாரண்டி அட்டை, யுபிஐ-இல் பணம் செலுத்திய விவரம், சேவை மையம் எழுதிக் கொடுத்த அறிக்கை, பெட்டியின் புகைப்படங்கள், கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் பிரதி. சேவை மையத்தின் அறிக்கையை வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்துவிடாமல், நாளும் வரிசை எண்ணும் குறித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனை வேறு எங்கும் பழுதுபார்க்கக் கொடுக்காமல் அப்படியே வைத்திருங்கள். வெளியே ஒருமுறை பிரித்துவிட்டால், டிஸ்ப்ளேயை நீங்கள்தான் மாற்றினீர்கள் என்று கடைக்காரர் சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.