குரூப் பாலிசியை மாற்றிக்கொள்வதா, புதிதாக எடுப்பதா?

வேலையை விடும்போது மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்கு இரண்டு வழி. கம்பெனி குரூப் பாலிசியை அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் தனி பாலிசியாக மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் வேறு இடத்தில் புதிதாக எடுக்கலாம். நான் மாற்றிக்கொண்டவன், அதனால் தராசு அந்தப் பக்கம்தான் சாயும்.

இளவயது, நோய் எதுவும் இல்லை என்றால் புதிதாகவே எடுங்கள். தேர்வு நிறைய, எனக்குச் சொன்ன பிரீமியமும் குறைவுதான்.

ஆனால் எனக்கு சுகர். "அதை எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்" என்றார் ஏஜென்ட். எனக்கு உறைத்தது அங்கேதான். இன்ஷூரன்ஸ் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிப்படி, போன வருஷம் கிளெய்ம் வாங்கினார் என்றோ வயதாகிவிட்டது என்றோ ரினிவலை மறுக்க முடியாது. மோசடி செய்தார், உண்மையை மறைத்தார், தவறான தகவல் தந்தார் என்றால் மறுக்கலாம். ஏஜென்ட் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தக் காரணத்தை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன்.

மறைத்தார் என்ற பேச்சும் 60 மாதத்துக்குத்தான். அதுவரை பாலிசி விடாமல் ஓடிவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு எதையும் கிளப்ப முடியாது. 2024க்கு முன்பு இது 8 வருஷம். புதிய பாலிசியில் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். மாற்றிக்கொண்டால் குரூப்பில் கழிந்த காலமும் சேரும். பழைய நோய்க்கு அதிகபட்சம் 3 வருஷக் காத்திருப்பு உண்டே, அதிலும் கழியும். நான் குரூப்பில் நான்கு வருஷம் இருந்ததால் சுகருக்குக் காத்திருக்கவே வேண்டியதில்லை. அதுவும் குரூப்பில் இருந்த பழைய 3 லட்சம் காப்பீட்டுத் தொகைக்கு மட்டும். 5 லட்சமாக உயர்த்தியதில், கூடுதல் 2 லட்சத்துக்குக் கணக்கு புதிதாகத் தொடங்கியது.

குறைகள் உண்டு. கேட்டவுடன் மாற்றித் தர மாட்டார்கள். உடல்நிலையை அலசித்தான் முடிவெடுப்பார்கள். குரூப்பில் இருந்த பிரசவச் செலவு எனக்குக் கிடைக்கவில்லை. எச்.ஆர். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, நானேதான் கடைசி நாளுக்கு முன்பு விண்ணப்பித்தேன்.

இதுவரை இரண்டு ரினிவல் சிக்கலில்லாமல் நடந்தது. பெரிய கிளெய்ம் எதுவும் வரவில்லை, அந்த அனுபவம் எனக்கு இல்லை. அப்புறம், பிரீமியம் தேதியைத் தவறவிடாதீர்கள். வருஷப் பிரீமியத்துக்கு 30 நாள் அவகாசம் தருவார்கள், ஆனால் அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரியில் படுத்தால் செலவு நம்முடையது.