சால்வ் பிவிபியுடன் நாலு வருஷம்: ஊகம் கொடுப்பதில்தான் எல்லாம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எனக்கு வேலை. ஆலைக்குப் பின்னால் நார் குவிந்து கிடக்கும். மழை விட்ட காலையில் அதிலிருந்து ஆவி கிளம்பும். "கையை உள்ள விட்டுப் பாருங்க தம்பி, அடுப்பு மாதிரி சுடும்" என்றார் பாய்லர் அண்ணன். பகுதிநேர முதுகலைக்கு அதையே கணக்காக எடுத்தேன்.

தானாகச் சூடேறி, இரண்டு பக்கமும் ஆறும் குவியலை எளிமைப்படுத்தினால் பிராட்டு சமன்பாடு வரும். இரு முனையிலும் மதிப்பு பூஜ்யம், சூட்டின் வேகத்துக்கு லாம்டா என்று ஓர் எண். மேட்லாப் என்ற கட்டணக் கணித மென்பொருளை வாங்க வசதியில்லாததால், பைத்தான் மொழியின் இலவச அறிவியல் நூலகமான சைபையில், இப்படி இரு முனையிலும் நிபந்தனை உள்ள சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வ் பிவிபியைப் பிடித்தேன். 2016இல் சைபைக்குள் வந்த கருவி அது.

விடை இப்படி இருக்கும் என்று கருவிக்கு நாம் முதலில் கொடுக்கும் தொடக்க ஊகத்தை வெறும் சடங்கு என்றுதான் நினைத்திருந்தேன். லாம்டா 1, ஐந்து புள்ளிகள், எல்லாவற்றிலும் ஊகம் பூஜ்யம் என்று கொடுத்தால் நடுவில் 0.14 வருகிறது. அதே கணக்குக்கு 3 என்று கொடுத்தால் 4.09! இரண்டும் சரியான விடைதான். முதலாவது மிதமான சூடு; இரண்டாவது நிலைக்காத நிலை, நிஜக் குவியல் அதில் தங்காது. எந்த விடை வேண்டும் என்பதை ஊகமே முடிவு செய்கிறது, கருவி எச்சரிப்பதில்லை.

நான் பட்ட பெரிய அவதி வேறு. ஒரு முறை லாம்டாவை 3.6 என்று வைத்தேன். விடை கிடைக்கவில்லை. புள்ளிகளின் உச்ச வரம்பு 1000 என்று இருந்ததை 10,000, 50,000 என்று ஏற்றி, ஊகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் ஒட்டுக்கடையில் பசியாறும்போதுதான் உறைத்தது: 3.5138க்கு மேல் இந்தச் சமன்பாட்டுக்கு விடையே கிடையாது. இல்லாத விடையை எந்த ஊகம் கண்டுபிடிக்கும்? குவியலின் தடிமனை இரட்டித்தால் லாம்டா நாலு மடங்காகும். அண்ணனிடம் சொன்னேன். "அதுக்குத்தானே உயரமா குவிக்க விடமாட்டோம்" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது நான் நேரடியாகக் கடினமான லாம்டாவுக்குப் போவதில்லை. 1, 2, 3, 3.4 என்று ஏறுகிறேன். ஒவ்வொரு முறையும் கிடைத்த புள்ளி வலையையும் விடையையும் அப்படியே அடுத்ததுக்கு ஊகமாகக் கொடுக்கிறேன். மேல் விடை வேண்டுமென்றால் அதற்குத் தனியாக லாம்டா 1இல் ஊகம் 3 என்று கொடுத்துத் தொடங்கணும். இரண்டு விடைகளும் சேரும் அந்த 3.51 வளைவை இந்த முறையில் சுற்றி வரவே முடியாது.

அப்புறம், ஊக எண்களை அடுக்கிக் கொடுக்கும் அணியின் இரண்டாவது வரிசை சாய்வுக்கானது. புதுசாக வருபவர்கள் முதல் வரிசையில் அழகான வளைவைப் போட்டுவிட்டு, இதைப் பூஜ்யமாகவே விட்டுவிடுகிறார்கள். இந்தக் கணக்கு தாங்கிக்கொள்ளும், எல்லாக் கணக்கும் தாங்காது. நானும் சில தடவை ஜேக்கோபியன் பிழையோடு, அதாவது உள்ளே வரும் அணியைத் தீர்க்க முடியாமல் கருவி நின்றுவிடுவதோடு, மல்லுக்கட்டியிருக்கிறேன். மேட்லாபில் தொடக்க ஊகத்தை அமைக்கும் பிவிபிஇனிட்டில் ஊகத்தைக் கணிதச் சார்பாகவே எழுதிக் கொடுக்கலாம். இங்கே அணியை நாமேதான் நிரப்பணும். நாலு வருஷம் ஆகியும் எனக்கு அது மட்டும் எரிச்சல்தான்.