ஹோம் தியேட்டருக்கு ஒரே ரிமோட்: எது தேறும், எது தேறாது

டிவிக்கு ஒன்று, ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் தரும் ஏவி ரிசீவருக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஃபயர் ஸ்டிக்குக்கு ஒன்று என்று டீப்பாய் நிறைய ரிமோட் கிடக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். முன்பெல்லாம் யோசிக்காமல், எல்லாச் சாமானையும் ஒரே ரிமோட்டில் ஓட்டும் லாஜிடெக் ஹார்மனி யுனிவர்சல் ரிமோட்டை வாங்குங்கள் என்று சொல்லிவிடலாம். 2021 ஏப்ரலில் அதன் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். பழைய சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் புதிதாக அதில் பணம் போட வேண்டாம். அதன் செட்டிங் கம்பெனி சர்வரை நம்பியிருக்கிறது.

எதையும் வாங்கும் முன் காசில்லாத வழியைப் பார்த்துவிடுங்கள். எச்டிஎம்ஐ கேபிளுக்குள்ளேயே சிஇசி என்று, ஒரு சாமானின் ரிமோட்டால் இன்னொன்றை ஓட்டும் வசதி இருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். பெயர்தான் வேறு, சங்கதி ஒன்றுதான். டிவி, ரிசீவர் இரண்டின் மெனுவிலும் அதை ஆன் செய்து, ஏஆர்சி என்று எழுதியிருக்கும் போர்ட்டில் கேபிளைச் செருகினால் டிவி ரிமோட்டே ரிசீவரின் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். ஃபயர் ஸ்டிக்கையும் அதே ரிமோட்டின் அம்புக்குறிகளால் நகர்த்தலாம். இது பெரிய விஷயம், ஏனென்றால் ஸ்டிக்கின் ரிமோட் பேசுவது ப்ளூடூத்தில். சாதாரண ரிமோட் அனுப்பும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை, அதாவது இன்ஃப்ராரெட்டை, வாங்கும் கண்ணே ஸ்டிக்கில் கிடையாது, சாதாரண யுனிவர்சல் ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் அது அசையாது. ஆனால் கேபிள்காரர் தரும் பாக்ஸ் பெரும்பாலும் சிஇசியைக் கண்டுகொள்வதில்லை.

அந்த இடத்துக்குத்தான் லேர்னிங் ரிமோட், அதாவது பழைய ரிமோட்டின் சிக்னலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் ரிமோட். புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ கேட்கும்போது வெறும் "யுனிவர்சல்" என்று கேட்காமல், லேர்ன் வசதி உண்டா என்று கேளுங்கள். கம்பெனிக்கான கோடு (code) நம்பரைப் போட்டு செட் செய்யும் ரகத்தில் உள்ளூர் கேபிள் பாக்ஸின் கோடு இருப்பது சந்தேகம். பழைய ரிமோட்டையும் புதியதையும் மேஜைமேல் முனைக்கு முனை, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். புதியதில் லேர்ன் போட்டு, பதிய வேண்டிய பட்டனைத் தொட்டு, பழையதில் அதற்கான பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஜன்னல் வெயில் விழும் இடம் மட்டும் வேண்டாம், தப்பாகப் பதியும். பழைய ரிமோட் வேலை செய்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் மொபைலின் செல்ஃபி கேமராவுக்கு முன்னால் பிடித்து அழுத்துங்கள், பெரும்பாலான போன்களில் ஊதாவாக மினுங்குவது தெரியும். தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரி கடலை ஒட்டி இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது, உப்புக்காற்றில் பேட்டரி ஸ்பிரிங் துருவேறி ஒரிஜினல் ரிமோட் செத்துவிட்டால் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை.

பிராட்லிங்க் ஆர்எம்4 மினி மாதிரியான, மொபைல் சொல்வதை வைஃபையில் வாங்கி இன்ஃப்ராரெட்டாக அனுப்பும் டப்பாக்கள் மூன்றாவது வழி. மொபைலில் ஒரு தட்டு தட்டினால் எல்லாச் சாமானும் வரிசையாக ஆன் ஆகும். ரிசீவர் மூடிய அலமாரிக்குள் இருந்தால் இதுதான் சரி: டப்பாவையும் உள்ளேயே வைத்துவிடலாம், மரக்கதவு இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும், வைஃபையைத் தடுக்காது. ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை ஓட வேண்டும். எனக்கு இதில் பிடிக்காதது, சத்தம் குறைக்கக்கூட மொபைலைத் திறக்க வேண்டியிருப்பது. அதைவிடத் தொல்லை கரண்ட் கட். பல சாமான்களில் ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே பட்டன்தான். கரண்ட் வந்ததும் செட்டாப் பாக்ஸ் தானாக ஆன் ஆகி நிற்கும், நீங்கள் "ஆன்" தட்டினால் டிவி எழும், பாக்ஸ் அணையும். ஆன், ஆஃப் தனித்தனிக் கோடு உள்ள ரிசீவர் என்றால் அந்தக் கோடுகளைத் தேடிப் பதிந்துவிடுங்கள்.

ப்ளூடூத்தும் இன்ஃப்ராரெட்டும் சேர்ந்த சோஃபாபேட்டன் ரிமோட்டுகளும் இருக்கின்றன, விலை ஆயிரங்களில் போகும். சாமான் நிறைய இருந்தால் யோசிக்கலாம்.

என் ஓட்டு சிஇசிக்கும் லேர்னிங் ரிமோட்டுக்கும் சேர்த்துத்தான். இருட்டில் விரலால் தடவியே கண்டுபிடிக்க முடிகிற பட்டன்தான் வீட்டில் எல்லோருக்கும் பழகும். அப்புறம் ஒன்று, எல்லாமே ரிசீவர் வழியாகப் போகிறது என்றால் டிவியின் இன்புட் பட்டனை மட்டும் பதியாதீர்கள். அம்மா கை தவறி அதை அழுத்திவிட்டால் திரையில் நோ சிக்னல் என்று நிற்கும், நீங்கள் ஆபீசில் இருந்தபடி போனிலேயே வழி சொல்ல வேண்டியிருக்கும்.