லீகிலேயே இருப்பதா, யூனியனுக்குத் தாவுவதா?

ரக்பியில் லீக், யூனியன் என்று விதிகள் வேறுபடும் இரண்டு வகை ஆட்டங்கள் உண்டு. லீக் வீரர்கள் பலரைக் குழப்பும் கேள்வி இது. இங்கிலாந்தின் இரண்டு முன்னாள் வீரர்களை வைத்துப் பார்ப்போம்.

கோப்பை: கெவின் சின்ஃபீல்ட் லீட்ஸ் ரைனோஸ் அணித்தலைவராக 7 சூப்பர் லீக் (லீக் ஆட்டத்தின் முதல்நிலைத் தொடர்) இறுதிப் போட்டிகளை வென்றார். விகன் லீக் அணியிலிருந்து 2000-இல் யூனியனுக்கு மாறிய ஜேசன் ராபின்சன், 2003 யூனியன் உலகக் கோப்பை இறுதியில் ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி பெறுவது) அடித்தார்.

புகழ்: சின்ஃபீல்டை வட இங்கிலாந்து தலையில் வைத்துக் கொண்டாடியது. ராபின்சனை நாடே அறிந்தது.

பழகும் சிரமம்: லீகில் 13 பேர், ஆறு டேக்கிளில் (பந்து வைத்திருப்பவரை மடக்கிப் பிடிப்பது) பந்து எதிரணிக்குக் கைமாறும். யூனியனில் 15 பேர், ரக் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் முட்டித் தள்ளுவது), லைன்அவுட் (வெளியே போன பந்தை உள்ளே எறிய, வரிசையாக நின்று பிடிப்பது) என்று சிக்கல்கள். ஓரத்தில் ஓடும் ராபின்சனுக்கு இது பெரிய தடையாக இல்லை. ஃபார்வர்டாக (முன்னால் நின்று மோதி ஆடுபவர்) ஆடிய சாம் பர்ஜஸுக்கு அப்படி அமையவில்லை. 2014-இல் பாத் யூனியன் அணிக்குப் போனவர், ஒப்பந்தம் முடியுமுன்னே 2015-இல் லீகுக்குத் திரும்பிவிட்டார்.

சரி, யாருக்கு எது? வேகமும் கால் வித்தையும் உள்ளவர் தாவிப் பார்க்கலாம். ஆட்டத்தை நடத்தும் மூளைக்காரர் லீகிலேயே இருப்பது நல்லது என்பேன். சின்ஃபீல்டும் கடைசியில் கொஞ்ச காலம் யூனியன் ஆடினார், அதுவும் எல்லாக் கோப்பைகளையும் வென்ற பிறகுதான்.