நக்கிள்ஸ் மலைக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா, கொஞ்சம் பொறுங்கள்

திருகோணமலையிலிருந்து மாத்தளைப் பக்கம் இருக்கிற நக்கிள்ஸ் மலைக்கு ஒருநாள் பயணம் என்று ஆள் சேர்க்கிற ஒரு குழுவிடம் போன ஆடியில் தலைக்கு 9,500 ரூபாய் கட்டி ஏமாந்தோம். பெயர் போடவில்லை, விளம்பரம் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

படத்தில் பச்சைப்பசேல் என்று புல்வெளி, பாறைக்கு மேலால் வழிகிற ஓடை. "சுகமான பாதை அண்ணா, ரெண்டு மணித்தியாலம்தான், வழி முழுக்கத் தண்ணி இருக்கு, சின்னப் பிள்ளையளும் ஏறலாம்" என்றார் போனில் கதைத்த தம்பி. வன இலாகா டிக்கெட், வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் அந்தக் காசுக்குள்ளேயாம். அதை நம்பி அக்காவின் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன், அவனுக்குப் பதினொரு வயது.

இரவு ஒரு மணிக்கு வெளிக்கிட்ட வான் ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, ரத்தோட்டை என்று போய் விடிய ரிவஸ்டனில் நின்றது. மூடுபனி, தூறல், நிற்க ஏலாத காற்று. ஆனால் மலையின் மறுபக்கம் இலுக்கும்புரவுக்கு இறங்கினதும் ஈரமே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் காய்ந்துபோய் இறங்குகிறது, அதுதான் நம் ஊருக்கு வந்து கச்சான் காற்றாக வீசுகிறது. கச்சானில் வளர்ந்த எனக்கு இது முன்னமே உறைத்திருக்க வேண்டும், என்ன செய்ய. விளம்பரத்துப் படம் மாரிமழைக்குப் பிறகு எடுத்தது என்பது அங்கே போய் நின்றபோதுதான் விளங்கியது.

இலுக்கும்புரவில் வன இலாகா நிலையம் இருக்கிறது, டிக்கெட் அங்கேதான். வான் நிற்காமல் தாண்டிப் போனது. கேட்டால் "முதலே கதைச்சாச்சு" என்று பதில். நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட காடு, 2010இலிருந்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் ஏறினால் குற்றம் நம் தலையில், அதைவிட, உள்ளே இத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

பாதை என்று ஒன்று முதல் அரை மணித்தியாலம்தான் இருந்தது. பிறகு மானாப்புல், என் தலைக்கு மேலே. அதன் ஓரம் பிளேடு மாதிரி, அரைக்கைச் சட்டை போட்டவர்களுக்கெல்லாம் கையில் கோடு கோடாக இரத்தம், வியர்வை பட்டதும் எரிந்த எரிச்சல் இருக்கிறதே! ஓரிடத்தில் சரிவே பெயர்ந்து சிவப்பு மண்ணாகக் கிடந்தது. 2025 நவம்பர் டித்வா புயலில் மாத்தளை, கண்டிப் பக்கம் மலைகள் எப்படிச் சரிந்தன என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கு முன் எடுத்த வீடியோவைக் காட்டி இப்போது பாதை நல்லா இருக்கு என்று எப்படிச் சொல்கிறார்களோ. அந்தப் பொடிக்கல்லில் காலை வைத்தால் கால் நிற்காது. நாங்கள் உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தோம்.

வழிகாட்டி என்று வந்த பொடியன் அங்கேயே போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை. அப்புறம்தான் வாய் திறந்தான், அவனும் அன்றைக்குத்தான் முதல்முறையாம்.

முதல் ஓடையில் காய்ந்த இலையும் கல்லும்தான். இரண்டாவதில் ஒரு குழியில் பச்சைப் பாசியோடு கொஞ்சம் தேங்கி நின்றது. ஆளுக்கொரு ஒரு லீட்டர் போத்தல்தான் தந்திருந்தார்கள், பதினொரு மணிக்கே அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. மிஞ்சியதை மூடியில் ஊற்றி ஊற்றி மருமகனுக்குக் கொடுத்தேன். அவன் கதைப்பதை நிறுத்தியபோது எனக்குப் பயம் பிடித்துவிட்டது, வாயோயாத பிள்ளை அது. உச்சியை விட்டுவிட்டுத் திரும்பினோம். கீழே மாடு தேடி வந்த ஒரு ஐயா, சிங்களத்தில் நன்றாக ஏசிவிட்டு, தெல்கமு ஓயா என்கிற ஆறு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். காசு நீட்டினோம், வாங்கவில்லை. சோற்றுப் பார்சல் வானுக்குள்ளேயே புளித்துக் கிடந்தது.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு 1,500 ரூபாய் போட்டுவிட்டு, "இயற்கைக்கு நாங்க என்ன செய்யிறது அண்ணா" என்று ஒரு வொய்ஸ் அனுப்பினார்கள். டிக்கெட் எடுக்காததும் இயற்கையா என்று கேட்டேன், என்னை புளொக் பண்ணிவிட்டார்கள்.

ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள் வானை இலுக்கும்புர நிலையத்தில் கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள். டிக்கெட்டை உங்கள் கையில் வாங்குங்கள், இன்றைக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த ஓடையில் தண்ணீர் இருக்கிறது என்று அங்கேயே கேட்டு, அந்த ஊர்க்காரர் ஒருவரை வழிக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆடி ஆவணியில் ஆளுக்கு மூன்று லீட்டர் தண்ணீர், முழுக்கைச் சட்டை. வான் நிற்காவிட்டால் அங்கேயே இறங்கிவிடுங்கள், மாத்தளைக்கு பஸ் வரும்.