எம்ஜி மிட்ஜெட் 1275: பல வருஷம் வைத்து ஓட்டியதில் தெரிந்தவை

பிரிட்டனில் தயாரான பழைய இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜி மிட்ஜெட்டை வாங்க நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது எஞ்சினைத்தான். எஞ்சின் இந்தக் காரில் பெரிய கவலையே இல்லை. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு வார இறுதியில் கழற்றி வெளியே எடுத்துவிடலாம், உதிரிபாகங்கள் இன்றைக்கும் புதிதாகவே கிடைக்கின்றன. இந்தக் காரின் ஆயுளைத் தீர்மானிப்பவை அடித்தகடும் கிரீஸ் கன்னும்தான். அந்த இரண்டையும் விடாமல் பார்த்துக்கொண்டால் மீதி எல்லாம் ஆசையாகச் செய்கிற வேலை.

முதலில் எந்த மாடல் என்று தெளிவாகிவிடட்டும். 1958-ல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்தான் மூலம். முகப்பு விளக்குகள் பானட்டின் மேல் துருத்திக்கொண்டு நின்றதால் அதைத் தவளைக்கண் என்றே கூப்பிடுவார்கள். 1961-ல் அதே பாடியை மாற்றியமைத்து எம்ஜி மிட்ஜெட் வந்தது. எஞ்சின் 948 சிசியில் தொடங்கி, 1962-ல் 1098, 1966-ல் 1275 என்று வளர்ந்தது. 1974 கடைசியில் கறுப்பு ரப்பர் பம்பரும் டிரையம்ஃப் 1500 எஞ்சினும் வந்தன. 1979-ல் உற்பத்தி நின்றது. இங்கே சொல்வது 1966 முதல் 1974 வரை வந்த 1275 பற்றி. இதன் எஞ்சின் ஏ-சீரிஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இலங்கைத் தெருக்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனரில் இருப்பதும் இதன் மூத்த சகோதரன்தான். மைனரைக் கைவைத்துப் பழகிய மெக்கானிக்குக்கு மிட்ஜெட்டின் பானட்டுக்குள் புதிதாக எதுவும் இருக்காது.

ஓட்டும் சுகத்தைச் சொல்லிவிடுகிறேன். நீளம் மூன்றரை மீட்டர், அகலம் 1.4 மீட்டருக்கும் குறைவு, எடை சுமார் 700 கிலோ. சக்தி வெறும் 65 குதிரை. ஆனால் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப இரண்டரைச் சுற்றுகூட வேண்டாம். கையை ஒரு விரல்கடை அசைத்தால் கார் திரும்பியிருக்கும். உட்காருவது தரையோடு தரையாக. வேல்ஸ் மலைப்பாதையில் 40 மைல் வேகத்தில் கிடைக்கிற பரவசத்தைப் புதுக் காரில் பெற உரிமத்தையே பணயம் வைக்க வேண்டும். மோட்டார்வேதான் இதற்கு ஒத்துவராத இடம். 3.9 விகித டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் 70 மைலுக்கு எஞ்சின் சுமார் 4200 ஆர்.பி.எம். சுற்றும், பக்கத்தில் லாரி வந்தால் அதன் சக்கரத்து அச்சு நம் காது உயரத்தில் இருக்கும். நெடுந்தூரம் அடிக்கடி போகிறவர்கள் ஃபோர்டு டைப் 9 ஐந்து கியர் பெட்டியை மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். உண்மையிலேயே பலன் தரும் மாற்றம் அது.

இனித் தகடு. மிட்ஜெட்டுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, மேலே தகட்டுக் கூரையும் கிடையாது. காரின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பவை நடுவில் கியர்பாக்ஸை மூடி ஓடும் டன்னலும் இரண்டு கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகளும்தான். சில் துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்யும். கண்டுபிடிப்பது சுலபம்: கதவின் பின்விளிம்புக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள். மேலே நெருங்கி கீழே அகன்றிருந்தால் தொய்வு தொடங்கிவிட்டது. பிறகு ஜாக்கியில் ஒரு பக்கத்தைத் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் நன்றாக மூடிய கதவு, தூக்கியதும் இடித்தால் அந்த சில்லில் வலு இல்லை. மேலே பளபளவென்று புது பெயின்ட் இருந்தாலும் நம்பக்கூடாது. பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி வெல்டிங் வைத்து விற்கிற வேலை இந்தக் கார்களில் நிறைய நடந்திருக்கிறது.

அடுத்து, கதவுக் கீல் பொருந்தியிருக்கும் முன்தூணின் அடிப்பகுதி. முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு விங்குக்கும் (முன் மட்கார்டு) இந்தத் தூணுக்கும் நடுவில் போய்த் தங்கும், ஈரம் காயாது. கதவைப் பாதி திறந்து பின்விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீலின் ஆணி மட்டும் ஆடினால் சின்ன வேலை. கீலோடு தூணே அசைந்தால் பெரிய வேலை. மூன்றாவது இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை: சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கினால், பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் பகுதி வரும். அங்கே ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் பின் அச்சு நிற்கிற இடமே அரித்துக்கொண்டிருக்கிறது.

சில் மாற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெட்டுவதற்கு முன்னால் கதவுத் திறப்பில் குறுக்கே இரும்புக் குழாய் வெல்டு செய்து கட்டிவிடுங்கள், கதவுகளை மாட்டி இடைவெளி சரியா என்று பார்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள். எஞ்சினும் சஸ்பென்ஷனும் மாட்டிய நிலையில், கட்டாமல் சில்லை வெட்டினால் பாடி வளைந்துவிடும். அதன்பின் எந்தக் கதவும் சேராது. வேலை முடிந்ததும் சில்லுக்குள்ளே மெழுகு தெளிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், ரோட்டில் உப்புப் போடத் தொடங்குமுன், திரும்பவும். சில்லின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை மெழுகு அடைத்துவிடாமல் கம்பியால் குத்தி விடுங்கள். பாடி முழுக்கக் கெட்டுப்போனால்கூட வழி இருக்கிறது: இங்கிலாந்தின் விட்னியிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் தகடு அழுத்தும் பழைய அச்சுகளை வைத்தே புது பாடி செய்து தருகிறது. விலை கண்ணைக் கட்டும்.

கிரீஸ் விஷயத்துக்கு வருவோம். முன்சக்கரம் கிங் பின் என்ற செங்குத்துத் தண்டின் மேல் திரும்புகிறது. அதன் கீழ்முனை, சக்கரத்தைப் பாடியோடு சேர்க்கும் விஷ்போன் கையில் மரையாய்ப் போகும் ஒரு ஃபல்க்ரம் பின்னோடு சேர்கிறது. இரண்டுக்கும் கிரீஸ் கன்னை மாட்டும் நிப்பிள் உண்டு. 1000 மைலுக்கு ஒருமுறை அடித்தே ஆக வேண்டும். அடிக்கும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. கார் சக்கரத்தில் நிற்கும்போது அடித்தால் பாரம் அழுத்தும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது, சும்மா இருக்கும் பக்கத்தில் வழிந்துவிடும். முன்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டே, பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறிப் புதுசு தெரியும்வரை அடியுங்கள். நிப்பிள் அடைத்திருந்தால் விட்டுவிடாமல் கழற்றிப் புதிது போடுங்கள், சில பென்ஸ்தான். இதை விட்டால் ஃபல்க்ரம் பின் காய்ந்து இறுகி, விஷ்போனின் மரையையே தின்றுவிடும். அப்புறம் ஃபல்க்ரம் பின்னை மட்டும் மாற்றிப் பயனில்லை, விஷ்போன் கையையே மாற்ற வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கும்போது வேறொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின்.

அதிர்வை அடக்கும் ஆம்ஸ்ட்ராங் லீவர் டாம்பர்கள்தான் முன்னால் மேல் விஷ்போனாகவும் வேலை செய்கின்றன. தண்டருகில் எண்ணெய் கசிந்தால் புதுப்பித்த டாம்பர் வாங்கி மாற்றுங்கள். எண்ணெய் ஊற்றி ஊற்றி ஓட்டுவது நாள்கடத்தல்.

ட்யூனிங்தான் இந்தக் காரில் அலுக்கவே அலுக்காத வேலை. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் வால்வு, பிறகு இக்னிஷன், கார்புரேட்டர் கடைசி. வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம். எட்டு வால்வு, எண்களின் கூட்டுத்தொகை 9 வரவேண்டும். அதாவது 8-ம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1-ஐச் சரிசெய்யுங்கள், 6 திறந்திருக்கும்போது 3-ஐ. டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.015, பிளக் 0.025. ஃபயரிங் வரிசை 1-3-4-2. இப்போது கடைகளில் வரும் ரோட்டார் ஆர்ம்களில் தரம் குறைந்தவை உண்டு. பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்தியவை நல்ல சூட்டில் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி வழியில் நிறுத்திவிடும். ரிவெட் இல்லாத சிவப்பு ஆர்ம் வாங்குங்கள், பழையதைக் கையுறைப் பெட்டியில் வைத்திருங்கள்.

எஸ்யூ கார்புரேட்டர் இரண்டையும் ஒத்துப்போக வைக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், ஒரு முழ ரப்பர் குழாய் போதும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் நன்றாகச் சூடானபின், இரண்டையும் இணைக்கும் தண்டின் கிளாம்பைத் தளர்த்துங்கள். குழாயின் ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். இரண்டிலும் அந்த உஸ் சத்தம் ஒரே சுருதியில் கேட்கும்வரை த்ராட்டில் திருகை மாற்றுங்கள். அடுத்தது கலவை. அடியிலுள்ள ஜெட் நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். முழுக்க ஏற்றிவிட்டு இரண்டு முழுச் சுற்று இறக்கித் தொடங்குங்கள். பின்னர் ஒரு தடவைக்கு நட்டின் ஒரு பட்டை மட்டும். சோதிக்க, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு. லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. கார்புரேட்டரின் மேலுள்ள எண்ணெய்க் குழலான டாஷ்பாட்டில் எஸ்ஏஇ 20 எண்ணெய் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அது வற்றினால் மிதித்ததும் கார் ஒரு கணம் திணறும். பலர் அதற்குக் கலவையைக் குற்றம் சொல்லி, நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடுவார்கள்.

பெட்ரோல் பம்ப் பேசும். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று வேகமாகத் தொடங்கி, மெதுவாகி, நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ காற்று நுழைகிறது, அல்லது கார்புரேட்டரின் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழிகிறது. சத்தமே இல்லையென்றால் பம்பின் பாயின்ட் கருகியிருக்கும். லேசாக ஒரு தட்டுத் தட்டினால் வீடு போய்ச்சேரும் அளவுக்கு உயிர் வரும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல், பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 ஆகிவிட்டது. பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் உளுத்துப்போகச் செய்யும். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தர ஹோஸ் மாற்றி, எத்தனால் குறைவான இ5 சூப்பர் பெட்ரோலே போடுங்கள். ஈயப் பெட்ரோல் காலத்து சிலிண்டர் ஹெட் அப்படியே இருந்தால் கெட்டிப்படுத்திய எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வால்வு இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று பொருள்.

எண்ணெய் 20டபிள்யூ-50, சுமார் 3.7 லிட்டர், 3000 மைலுக்கு ஒருமுறை. நல்ல எஞ்சின் சூட்டில் ஓடும்போது எண்ணெய் அழுத்தம் 40 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். பின்பக்கம் ஓரிரு சொட்டு விழுந்தால் பதற வேண்டாம். கிராங்க் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது, எண்ணெயைத் திருப்பி அனுப்பும் ஒரு சுருள் பள்ளம்தான். சொட்டு கூடினால் முதலில் எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஹெட்டுக்கும் வாட்டர் பம்புக்கும் நடுவே பெருவிரல் நீளத்தில் ஒரு பைபாஸ் ஹோஸ் ஒளிந்திருக்கும். அது வெடித்தால் பம்பைக் கழற்றாமல் சாதாரண ஹோஸை நுழைக்க முடியாது. ஹெட் அல்லது பம்ப் எப்போது கழன்றாலும் அதையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். கிளட்ச் தட்டு மாற்றவும் எஞ்சின் வெளியே வந்தாக வேண்டும். அதனால் எஞ்சின் எந்தக் காரணத்துக்காக வெளியே வந்தாலும் தட்டு, கவர், ரிலீஸ் பேரிங் மூன்றையும் அப்போதே மாற்றிவிடுவது புத்தி. முதல் கியரில் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) இல்லை, கார் முழுக்க நின்றபின் போடுங்கள்.

மின்சாரத்தில் பழி எல்லாம் மின் பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் மேல் விழுவது வழக்கம். பெரும்பாலும் குற்றம் பாடியோடு சேரும், துருப்பிடித்த எர்த் இணைப்பில்தான். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை அறுந்தால் ஸ்டார்ட்டர் மின்சாரம் த்ராட்டில் கேபிள், சோக் கேபிள் வழியே போகும். ஸ்டார்ட் செய்ததும் கேபிள் சுட்டால் காரணம் அதுதான். 1967 கடைசி வரை வந்த வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும், மாற்றப்படாமல் இருந்தால். போன் சார்ஜரோ மின்னணு இக்னிஷனோ மாட்டுமுன் அதைப் பார்த்துவிடுங்கள். முகப்பு விளக்குக்கு இரண்டு ரிலே போட்டால் சுவிட்ச் பிழைக்கும், வெளிச்சமும் கூடும்.

கம்பிச் சக்கரம் அழகுதான், ஆனால் ஹப்பின் பற்கள் தேய்ந்தால் மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் டக்கென்று அடிக்கும். வருஷம் ஒருமுறை கழற்றித் துடைத்துப் பற்களுக்குக் கிரீஸ் பூசுங்கள். நடு நட்டை, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் அடித்தால் கழலும். எதிர்த்திசையில் அடித்தால் இறுகும். இரண்டு பக்கத்து நட்டையும் இடம்மாற்றிப் போட்டால் ஓட்டத்திலேயே கழன்றுவிடும், கவனம்.

குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கும்போது டேங்க் நிறைய இ5, டயரில் கூடுதல் காற்று, ஹேண்ட்பிரேக் விடுவித்து சக்கரத்துக்கு முட்டு, கிளட்ச் தட்டு ஒட்டிக்கொள்ளாமலிருக்க மிதியைக் கட்டையால் அழுத்தி வைப்பது, இவ்வளவும் செய்துவிடுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லதல்ல; சூடேறாத எஞ்சினில் எண்ணெய்க்குள்ளும் சைலன்சருக்குள்ளும் ஈரம்தான் சேரும். துணிக் கூரையை ஈரத்தோடு மடிக்காதீர்கள், கடுங்குளிரில் மடித்தால் பின் பிளாஸ்டிக் ஜன்னல் விரிசல் விடும்.

வாங்க நினைக்கிறவர்கள் 1972 முதல் 1974 வரை வந்த, பின்சக்கரத்துக்கு மேல் தகடு வட்டமாக வளைந்த வட்ட வளைவு மிட்ஜெட்டைத்தான் அதிகம் தேடுகிறார்கள். அழகு அதில்தான், மறுப்பில்லை. ஆனால் பின்சக்கரத்துக்கு மேல் தகடு குறைந்ததால் அந்தப் பாடி பின்மோதலில் சற்று வலுக்குறைந்தது. 1500 வந்தபோது பழைய சதுர வளைவுக்கே திரும்பினார்கள். விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் 1970, 71-ம் ஆண்டுச் சதுர வளைவு 1275-ஐ வாங்கி, மிச்சப் பணத்தை சில்லுக்கு ஒதுக்குங்கள்.